வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டுக் கூட்டங்கள் யாவும் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலிருந்து, அன்று ஸ்பெயினிடமும் பிறகு மெக்சிகோவிடமும் இருந்த சாண்டா ஃபே நகருக்குச் சென்ற வணிக வண்டித்தடத்துக்கே ஒதுக்கப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஸ்பெயின் ஆட்சியில் அந்நிய வணிகருக்கு சாண்டா ஃபேயில் இடமில்லை. மீறிப் போனவர்கள் சிறைப்பட்டார்கள். 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் நிலைமை மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் மிசௌரியின் ஃபிராங்க்ளின் ஊரிலிருந்து பொதி விலங்குகளோடு கிளம்பிய வணிகர் வில்லியம் பெக்னெல் நவம்பர் 16இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1822இல் 3 வண்டிகளோடு மறுபடி போனார். மலைவழியான ராட்டன் கணவாய் வண்டிக்குச் சரிப்படாது என்று சிமரான் ஆற்றுப் பக்கம் திரும்பினார். தூரம் குறைந்தது, ஆனால் ஆர்கன்சா ஆற்றைத் தாண்டினால் சுமார் 60 மைலுக்குத் தண்ணீர் கிடையாது. ஆற்றைக் கடப்பதும் லேசல்ல. அடியில் புதைமணல், நடுவில் வண்டி நின்றால் சக்கரம் இறங்கிவிடும். அதனால் கூடுதல் மாட்டு ஜோடிகளைப் பூட்டி நிற்காமல் இழுத்தார்கள்.

கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது சக்கரம்தான். பெரிய வண்டியில் 5,000 பவுண்டு வரை துணியும் இரும்புச் சாமானும் ஏறும். 4 ஜோடி மாடுகளோ 8 கோவேறு கழுதைகளோ இழுக்கும். மேற்கே போகப் போகக் காற்று வறளும். சக்கரத்தின் மர விளிம்பான வட்டை சுருங்கும், அதைச் சுற்றி மாட்டிய இரும்புப் பட்டா சுருங்காது. பட்டா தளர்ந்தால் ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்தில் ஆடத் தொடங்கும். இரவில் சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போடலாம், தண்ணீர் இருந்தால். இல்லையென்றால் பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவே ஆப்பு அடிப்பார்கள். அது சில நாளுக்குத்தான் தாங்கும். பட்டாவைக் கழற்றிக் காய்ச்சி மாட்டுவதே சரியான வைத்தியம். ஆனால் சமவெளியில் சோறாக்கவே விறகில்லாமல் காட்டெருமைச் சாணத்தை எரித்தவர்கள் உலைக்கு எங்கே போவார்கள்?

கவுன்சில் குரோவ் என்ற இடத்தின் அருமை இங்கேதான் புரிகிறது. மிசௌரியின் இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து சுமார் 150 மைலில் இருந்த அந்தத் தோப்புக்கு அப்பால் அச்சுக்கேற்ற வைரமரம் கிடைக்காது. அங்கே மரம் வெட்டி, உபரி அச்சாக வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டார்கள். தனித்தனியாக வந்த வண்டிகள் ஒரே சாத்தாக, அதாவது வணிகக் கூட்டமாகச் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் அங்கேதான். 1825இல் ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களோடு வழித்தட உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே தோப்பில். அந்தத் தடம் ஆளில்லாக் காட்டில் போகவில்லை. ஓசேஜ், கா, கொமாஞ்சி, கயோவா ஆகிய பூர்வகுடி மக்களின் நிலத்தில் போனது. வணிக வரலாற்றைப் பேசும்போது இதை விட்டுவிடுவது தவறு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

1830களின் இறுதியில் சாண்டா ஃபேயில் இருந்த மெக்சிகோ ஆளுநர் மனுவேல் அர்மிஹோ, சிறிதோ பெரிதோ, வண்டிக்கு 500 டாலர் என வரி விதித்தார். வணிகர்கள் சரக்கைக் குறைந்த வண்டிகளில் நெருக்கி ஏற்றினார்கள், வண்டிகளும் பெருத்தன. வரி பிறகு சரக்கின் மதிப்புக்கே திரும்பியது.

ஆர்கன்சா ஆற்றங்கரை வணிகக் கோட்டையான பென்ட் கோட்டை வழியாகச் சென்ற மலைப்பாதைக்கு நேரம் போதவில்லை. அதையும், 1880இல் ரயில் வந்து தடம் ஓய்ந்ததையும் வரும் ஆண்டுக்கு எடுத்துக்கொள்ள முன்மொழிகிறேன். அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்