தம்பி, திங்கட்கிழமை அம்மாவை அழைத்து வருகிறேன்

தம்பி,

என் அம்மா, நீ அத்தை என்று கூப்பிடுபவர், சரி என்று சொல்லிவிட்டார். உன் தனியார் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் பேசி, அம்மாவின் இதயத்தைப் பார்க்க நீ வாங்கிக் கொடுத்த தேதிக்கே வருகிறோம். டாக்டர் பீஸ் வேண்டாம் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். மற்ற செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். பெற்றோர் வைத்தியத்துக்கு என் இபிஎப் சேமநிதியில் எடுக்க வழி இருக்கிறது. அது இழுத்தடித்தால், அதிலேயே 2024 மே மாதம் திறந்த அந்த மூன்றாவது கணக்கில் கொஞ்சம் கிடக்கிறது. பணப் பேச்சு இதோடு போதும்.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள், அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு நீ பேச்சை முடித்துவிடுவாய். அதனால் எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உன் பெயரும் நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பெயரும் இதில் வராது. உன் வீட்டில் இருப்பவரும் இதைப் படிப்பார் என்று தெரியும். அவர் மனம் புண்பட்டால் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2020 தைப்பூசம் முடிந்த வாரம். பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் தூக்கிய தோள்வலி என்றுதான் அம்மா இரண்டு நாளாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ராத்திரி வியர்த்துக் கொட்டியபோது அப்பா பக்கத்து வீட்டுக் காடியை எடுத்து நம் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்கு விட்டார். டூட்டியில் நீ ஒருவன்தான். ஈசிஜி தாளைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ரத்தக்கட்டைக் கரைக்கிற மருந்தை ஏற்ற வேண்டும். இரண்டு கையிலும் முட்ட முட்டக் கண்ணாடி வளையல். நர்ஸ் மிஸ்ஸி அவசரத்தில் உடைத்துவிடலாம் என்றார், அவர் சொன்னதில் தப்பே இல்லை. அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கட்டியவர் உயிரோடு நிற்கும்போது வளையலை உடைப்பதா என்று அம்மா அந்த மூச்சுத்திணறலிலும் கையை இழுத்துக்கொண்டார். நீ ஒன்றும் விளக்கவில்லை. சோப்புத் தண்ணீர் கேட்டாய். அம்மாவின் விரல்களைக் குவித்துப் பிடித்து, ஒவ்வொன்றாக, ஒன்றுகூட விரிசல் விடாமல் கழற்றி என் மடியில் போட்டாய். அத்தை, இன்னும் ரெண்டுதான், இன்னும் ஒண்ணுதான் என்று சொல்லிக்கொண்டே. மருந்து இறங்கிய அந்த ஒரு மணி நேரமும் ரத்த அழுத்தம் எப்போது விழும் என்று மானிட்டரையே பார்த்தபடி நின்றாய். உட்கார நாற்காலி இருந்தது.

பிறகு பினாங்குத் தீவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாய். கட்டில் இல்லை என்றார்கள். மறுபடியும் போட்டாய். நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நோயாளியின் வயது, சர்க்கரை, அழுத்தம், ஈசிஜியில் என்ன தெரிகிறது, மருந்து ஏற்றிய நேரம். அவ்வளவுதான் சொன்னாய். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு அத்தை, என்னைத் தூக்கி வளர்த்தவர் என்று ஒரு வார்த்தை விடவில்லை. விடியும் நேரத்தில் கட்டில் கிடைத்தது. ஆம்புலன்ஸில் நீயும் ஏறுவாய் என்று நினைத்தேன். நீ ஏறினால் அந்த வாசலுக்கு வேறு டாக்டர் இல்லை என்று அப்புறம்தான் விளங்கியது. மிஸ்ஸி ஏறினார். பாலம் முழுக்க அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு நீ உறவு சொல்லாமல் கட்டில் வாங்கினாய், தம்பி. இன்றைக்கு உறவைச் சொல்லித்தான் தேதி வாங்கியிருக்கிறாய். எனக்கு நன்றி வராதது இதனால்தான்.

நீ ஏன் அரசாங்க வேலையை விட்டுத் தனியாருக்குப் போனாய் என்று நான் கேட்கமாட்டேன். கேட்கிறவர்களுக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களைக் கான்ட்ராக்டில் எடுத்தார்கள், நிரந்தர வேலைக்கும் மேல்படிப்புக்கும் பிடி இல்லை, ராத்திரி டூட்டிக்குக் கொடுத்தது மணிக்குப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட்கூடத் தேறாது என்று கோயில் கூட்டத்தில் வாதாடியிருக்கிறேன். 2021 ஜூலை 26, கறுப்புச் சட்டையோடு அந்தக் கான்ட்ராக்ட் டாக்டர்கள் நியாயம் கேட்டு வெளியே வந்து நின்ற அன்று, பிறையில் ஷிப்ட் முடிந்து போனில் அந்தப் படங்களைப் பார்த்தேன். அதில் உன்னைத் தேடினேன். இருந்தாயா என்று இன்றுவரை கேட்டதில்லை, இங்கேயும் கேட்கவில்லை.

ஆனாலும் நீ போன பிறகு அம்மா செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் நீ இருந்த அந்த அறைக் கதவைப் பார்ப்பார். புதிதாக வருகிற டாக்டர் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். சில மாதத்தில் மாற்றலாகிவிடுகிறார்கள். அடுத்தவர் பைலை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார். அம்மாவுக்கு மலாயில் வலி சொல்லத் தெரியும். பயத்தைச் சொல்லத் தெரியாது. உனக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது தோட்டத்து முச்சந்தியில் பேனர் கட்டினோமே, அது கடனுக்காகக் கட்டியதில்லை. யார் யார் என்ன கொடுத்தார்கள் என்றும் எழுதமாட்டேன். நம்மில் ஒருவன் அந்த நாற்காலியில் இருப்பான் என்று சனங்கள் நம்பினார்கள், அவ்வளவுதான்.

இப்போது இதயத்தின் இரண்டாவது ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கலாம் என்கிறார்கள். அரசாங்கத்தில் கொடுத்த தேதி எவ்வளவு தள்ளி என்று உனக்குத் தெரியும், அதைப் பார்த்துத்தானே நீயே போன் செய்தாய். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெர்லிஸ், கெடா, வட பேராவிலிருந்தெல்லாம் வந்து சேர்கிற வரிசை அது. ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க 5 வெள்ளிதான், அந்த 5 வெள்ளியை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் நம் லயத்தில் பாதிப்பேர் எப்போதோ போயிருப்பார்கள். ஆனால் 2020 கணக்கெடுப்பில் நம் கரையான செபராங் பிறையில் 9 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் சனம், தீவில் 8 லட்சம்கூட இல்லை. ஆள் இந்தக் கரையில் அதிகம், இதய டாக்டர்கள் அந்தக் கரையில் அதிகம். தனியார் ஆஸ்பத்திரி பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இருக்கிறது, இருந்தென்ன, நம்மால் அங்கே படுக்க முடியுமா? இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கி, அந்த வாரமே நோயைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். வரட்டும், அவர்களும் பெற்ற தாயைத்தான் கூட்டி வருகிறார்கள். கண்ணெதிரே இருக்கிற கரையிலிருந்து என் அம்மா போக முடியவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நம் கரையில் பத்து காவானில் தோட்டம் இருந்த இடத்துக்கு 2014இல் தீவிலிருந்து இரண்டாவது பாலம் வந்தது, 2019இல் ஐக்கியா கடை வந்தது. அதே 2019இல் மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்து டோலையும் நீக்கிவிட்டார்கள். எல்லாம் நல்லதுதான். நெஞ்சுவலிக்காரரை மோட்டாரின் பின்னால் உட்காரவைத்து அந்த 24 கிலோமீட்டர் காற்றில் யார் ஓட்டுவது?

எங்கள் பிளாட்டில் மூன்றாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். அம்மாவுக்கு இருக்கிற அதே வலி, அதே மாதிரி அப்பாயின்மெண்ட் தாள், தேதி அம்மாவுடையதைவிட இன்னும் தள்ளி. அவருக்கு டாக்டர் தம்பி யாரும் இல்லை. நாங்கள் திங்கட்கிழமை போகிறோம் என்று அவரிடம் சொன்னேன். நல்லபடியா போயிட்டு வாங்கம்மா என்று அம்மாவுக்குத் திருநீறு பூசிவிட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக அம்மாவின் தேதியை விட்டுக்கொடுப்பேனா என்றால், மாட்டேன். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு கோயில் மண்டபத்துக்கு வா. நம் மலேசியாவில் வயதுவந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்குச் சர்க்கரை என்று 2019 தேசிய ஆய்வு சொன்னது. அதில் எத்தனை பேர் தோள்வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ. மேசை, நாற்காலி, ஆள் கூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. ஈசிஜி மெஷினுக்கு உன் பெரிய டாக்டரிடம் கேட்டுப் பார். யாருடைய பேப்பர் அவசரம் என்று நீ பார்த்து, அந்த ராத்திரி போனில் சொன்ன மாதிரி, உறவு சொல்லாமல், ஒரு கடிதம் எழுதிக் கொடு. மூன்றாம் மாடி அக்கா முதல் ஆளாக வருவார்.

நீ செய்ய ஒப்புக்கொண்டிருக்கும் வேலையில் இதற்கு அனுமதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றால், அல்லது மனம் இல்லை என்றால், அதைத் திங்கட்கிழமை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு.

அக்கா