பிங் போனது, விபிஎன் போகவில்லை: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கில் (பாக்கெட்டில் ஒட்டிய லேபிளைப் பார்த்து அனுப்பும் முறை) ஒரு வாடிக்கையாளரின் இரண்டு கிளைகளுக்கு நடுவே விபிஎன் (தனிப்பட்ட இணைப்பு) படுத்துவிட்ட அந்த இரவில் துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் நெட்வொர்க் குழுவின் நன்றி.

முதலில், வாடிக்கையாளர் அலுவலகத்தில் சலிக்காமல் சோதித்துக் கொடுத்த தம்பிக்கு. இரண்டு லேபிளால் 8 பைட் கூடி, 1500 பைட் பாக்கெட் 1508 ஆகிவிடுவதால் எம்டியூ (ஒரு பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு) மேல்தான் சந்தேகம் இருந்தது. விபிஎன் வழியே 100 பைட் பிங்கே (சோதனைப் பாக்கெட்) போகவில்லை என்று அவர் சொன்னதும் அது தீர்ந்தது.

அடுத்து, தொலைபேசியில் வழிகாட்டிய மூத்த பொறியாளர் ஐயாவுக்கு. எல்டிபி (ரவுட்டர்கள் லேபிள்களைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) ஹலோ யுடிபி 646-இல் வந்தது, டிசிபி 646-இல் செஷனும் ஏறியிருந்தது. அதோடு நின்றுவிடாமல், நடுவில் உள்ள பி ரவுட்டரில் 'ஷோ எம்பிஎல்எஸ் ஃபார்வர்டிங்-டேபிள்' பார்க்கச் சொன்னார். எதிர்முனை பிஇ-யின் (வாடிக்கையாளரை இணைக்கும் விளிம்பு ரவுட்டர்) லூப்பேக் (ரவுட்டருக்குள்ளேயே உள்ள மென்பொருள் இடைமுகம்) வரியில் 'பாப் லேபிள்' (மேல் லேபிளைக் கழற்றி அனுப்பு) இருக்க வேண்டிய இடத்தில் 'நோ லேபிள்' இருந்தது. சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் இதுவே 'அன்டேக்டு' என்று வரும்.

காரணம் லூப்பேக்கின் மாஸ்க் (முகவரியில் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும் என்பது). அதில் /24 கொடுத்திருந்தது. ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைப் பகிரும் நெறிமுறை) லூப்பேக்கை இயல்பாக /32 ஆகத்தான் அறிவிக்கும். எல்டிபியோ அந்த பிஇ-யின் ரவுட்டிங் டேபிளில் உள்ள /24-க்கு லேபிள் கொடுத்தது. பக்கத்து ரவுட்டர் தேடியது /32-ஐ. இரண்டும் பொருந்தாததால் லேபிள் பாதை கடைசிக்கு முந்தைய ரவுட்டரிலேயே அறுந்தது. பிஇ-யின் லூப்பேக்குக்குப் போகும் சாதாரண பிங்கில் ஒரே லேபிள் என்பதால், அது கழன்றதும் பாக்கெட் ஐபி வழியில் போய்ச் சேர்ந்துவிடும். விபிஎன் பாக்கெட்டில் அடியில் இன்னொரு லேபிள் உண்டு. பி ரவுட்டருக்கு அதன் பொருள் தெரியாது, எறிந்துவிடும். எங்களை அதிக நேரம் ஏமாற்றியது இந்த வேறுபாடுதான்.

மாஸ்க்கை 255.255.255.255 (அதாவது /32) ஆக மாற்றினால் எல்டிபி, பிஜிபி (விபிஎன் வழிகளைப் பகிரும் நெறிமுறை) இரண்டும் ஒருமுறை விழுந்து எழும். அந்த நேரத்தில் கன்சோல் கேபிளைச் செருகிக்கொண்டு ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த இரவுப்பணி அண்ணனுக்குத் தனி நன்றி. லூப்பேக்கில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயின்ட்-டு-பாயின்ட்' போட்டாலும் ஓஎஸ்பிஎஃப், எல்டிபி இரண்டும் /24 ஆகப் பொருந்தும். ஆனால் பிஇ லூப்பேக்குக்கு /32 தான் சரி என்பது எங்கள் கருத்து.

'பிங் எம்பிஎல்எஸ் ஐபிவி4' கொடுத்து முடிவை உறுதிசெய்யச் சொன்ன தோழிக்கும் நன்றி. அந்தப் பாக்கெட்டின் இலக்கு 127-இல் தொடங்கும் முகவரி என்பதால், லேபிள் அறுந்தால் ஐபி வழியில் நழுவிப் போக முடியாது. மற்ற ரவுட்டர்களின் லூப்பேக் மாஸ்க்குகளையும் அவரே ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தந்தார்.

நன்றியுடன்,
நெட்வொர்க் பராமரிப்புக் குழு