புழல் வாசலில் எங்களுக்காக நின்றவர்களுக்கு

யாழ்ப்பாணம்

அன்புக்குரிய அனைவருக்கும்,

தமிழ்நாட்டில், சென்னையின் புழல் சிறையில் இருந்த எங்கள் நண்பர் ஊர் திரும்பிவிட்டார். அவருடைய விருப்பப்படி அவரது பெயரையும் கிராமத்தையும் இங்கே எழுதவில்லை. உதவியவர்களின் பெயர்களையும் அதே காரணத்தால் தவிர்த்திருக்கிறோம். ஆனால் யார் என்ன செய்தீர்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். கடலுக்கு அப்பால் பிள்ளையோ சகோதரனோ சிறைப்பட்டிருக்கும் இன்னொரு வீட்டுக்கு இந்த மடல் போய்ச் சேர்ந்தால், அவர்களாவது முதல் நாளிலேயே சரியான கதவைத் தட்டட்டும்.

இப்படியொரு செய்தி வந்ததும் இங்கே பலர் முதலில் போவது மருதடி ஒழுங்கையில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு. இந்தியச் சிறை என்பதால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது இந்திய அரசின் அலுவலகம். விசா தரும். அங்கே சிறையில் உள்ள இலங்கையரைப் பார்த்து விசாரிப்பது அதன் வேலை அல்ல. அந்தப் பொறுப்பு சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்துக்கு உரியது. 1963 ஆம் ஆண்டின் வியன்னா கொன்சியூலர் சமவாயத்தின் 36 ஆம் உறுப்புரை, கைதி கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டின் தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்கிறது. கேட்டுக்கொண்டால் என்பதைக் கவனியுங்கள். உயிருக்குப் பயந்து நாட்டை விட்டுப் போன ஒருவர் தூதரகம் அறிவதை விரும்பாமல் இருக்கலாம். அவருடைய சம்மதம் இல்லாமல் வீட்டார் அறிவித்துவிடக் கூடாது. சம்மதம் இருந்தால் கொழும்புக்குப் போகாமல், யாழ் மாவட்டச் செயலகத்தில் உள்ள வெளிநாட்டமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகத்தில் விடயத்தைக் கொடுக்கலாம். தூதரக அதிகாரி கைதியைப் பார்ப்பார், வீட்டுக்குச் செய்தி சொல்வார், பயண ஆவணம் தருவார். சட்டத்தரணிக்குப் பணம் கட்டமாட்டார், விடுதலை வாங்கித் தரவும் மாட்டார். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே நேர்மையாகச் சொல்லி, வீண் நம்பிக்கை தராத அந்த அலுவலருக்கு எங்கள் நன்றி.

பெயர் விடயத்தில் உதவிய கிராம சேவையாளரை மறக்க முடியாது. எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும். தமிழ்நாட்டுப் பொலிஸ் அதை ஓர் எழுத்தாகச் சுருக்கிப் பதிவு செய்யும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடிக் குறையும். பிறகு சிறைச் சந்திப்புக்குப் பதியும்போது ஆளைத் தேடினால் கிடைக்காது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வழக்குப் பதியும்போது பொலிஸ் எழுதும் முதல் தகவல் அறிக்கை மூன்றிலும் உள்ள பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றன என்று கிராம சேவையாளர் ஒரு கடிதம் எழுதி, அதில் பிரதேச செயலாளர் மேலொப்பம் இட்டால் பாதிச் சிக்கல் தீரும். பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, ஐந்து கட்டு எடுத்து வையுங்கள்: சட்டத்தரணிக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று, சிறைக்கு ஒன்று, சந்திக்கப் போகிறவருக்கு ஒன்று, வீட்டில் ஒன்று. எங்கள் பிறப்புப் பத்திரங்கள் தமிழில் இருப்பது தமிழ்நாட்டுக் கீழ் நீதிமன்றங்களில் பெரும்பாலும் பிரச்சினை ஆவதில்லை. தூதரகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஆங்கிலம் தேவை. சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள், தட்டச்சுக் கடையில் செய்தால் திரும்பி வரும்.

வழக்கைத் தூரத்திலிருந்து பின்தொடர ஐந்து விவரங்கள் வேண்டும்: எந்தப் பொலிஸ் நிலையம், முதல் தகவல் அறிக்கையின் இலக்கமும் ஆண்டும், எந்தச் சட்டப் பிரிவு, எந்த நீதிமன்றம், சிறையில் கொடுத்த கைதி இலக்கம். முதல் இரண்டும் இருந்தால் இந்திய நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் என்ற இணையச் சேவையில் வழக்கைத் தேடி எடுக்கலாம். அதில் வரும் சி.என்.ஆர். என்ற வழக்கின் தனி இலக்கத்தை, எழுத்தும் எண்ணுமாக 16 குறிகள் கொண்டதைக், குறித்துக்கொண்டால் அதன்பின் தேடவே வேண்டாம். அடுத்த தவணை எப்போது, சென்ற தவணையில் என்ன நடந்தது, யார் சட்டத்தரணியாகத் தோன்றுகிறார் எல்லாம் அங்கே தெரியும். பணம் வாங்கிய ஒருவர் நீதிமன்றத்துக்குப் போகிறாரா என்பதை அறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வொரு தவணையும் பார்த்து, அன்று மாலையே எங்களுக்குக் குரல் செய்தி அனுப்பிய சென்னைத் தம்பிக்கு வீட்டார் சார்பில் நன்றி. விளக்கமறியல் ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் நீடிக்கப்படுவதில்லை என்பதால் தவணை அடிக்கடி வரும். பல தடவைகள் காணொளி வழியாகவே முடிந்துவிடும். முகத்தைப் பார்க்கலாம் என்று நீதிமன்ற வாசலில் காத்திருப்பவர்கள் ஏமாந்து திரும்புவது அதனால்தான்.

புழல் காவாங்கரை முகாமில் வாழும் எங்கள் உறவுகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பல பத்தாண்டுகளாக நீங்களே அகதியாக இருக்கிறீர்கள். கூலி வேலையை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்காக மனுப் போட்டீர்கள். அங்கே சிறைச் சந்திப்புக்கு அதுதான் பெயர். நீங்கள் சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறோம்.

புழலில் ஒரு சிறை இல்லை. விசாரணைக் கைதிகள் இரண்டாம் மத்திய சிறையில், தண்டனை பெற்றவர்கள் முதலாம் சிறையில், பெண்கள் தனிச் சிறையில். தீர்ப்பு வந்ததும் ஆள் இடம் மாறுவார், இலக்கமும் மாறும். இது தெரியாமல் பழைய வாசலில் வரிசையில் நின்றால் அன்றைய நாள் போய்விடும். சந்திப்பை ஈ-முலாகாத் என்ற இணையப் பதிவில் முன்கூட்டியே கேட்கலாம். சந்திப்பவரின் விவரத்தோடு கைதியின் பெயர், தகப்பன் பெயர், வயது கேட்கும். அவை சிறைப் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும், நீங்கள் அழைக்கும் பெயர் உதவாது. இங்கிருந்து போகிறவர்கள் கடவுச்சீட்டின் மூலப் பிரதியைக் கொண்டுபோங்கள், நிழற்பிரதி போதாது. வெளிநாட்டவர் வெளிநாட்டுக் கைதியைப் பார்க்கக் கேட்பதால், சிறைக் கண்காணிப்பாளருக்கு முன்னதாகவே ஒரு விண்ணப்பம் எழுதி, உறவு அல்லது நட்பு என்ன என்பதைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். பயணச்சீட்டு எடுக்குமுன் தமிழ்நாட்டு அரசு விடுமுறை நாட்களைப் பாருங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களில் போய் ஏமாந்தவர்கள் பலர்.

கைபேசி உள்ளே போகாது. பலாலியிலிருந்து ஆசையாகக் கொண்டுபோகும் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் வாசலைத் தாண்டமாட்டா. பழமும் பிஸ்கற்றும் எது போகும் என்பது சிறைக்குச் சிறை வேறுபடும், முன்னர் போனவரிடம் கேளுங்கள். விசாரணைக் கைதி சொந்த உடுப்பு உடுத்தலாம். கயிறு, நாடா, உலோகக் கொழுவி இல்லாத காற்சட்டை, சாதாரண சாரம், இரண்டு துவாய் போதும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒலிவாங்கியில் கதைக்கும் நேரம் குறைவு. அழுகையிலேயே அது முடிந்துபோகும். ஆகவே கேட்க வேண்டியதை வரிசைப்படுத்திப் போங்கள். உடம்பு எப்படி, அடுத்த தவணை எப்போது, சட்டத்தரணி வந்து பார்த்தாரா, என்ன தேவை, பிறகு வீட்டுச் செய்தி. வீட்டில் மரணம் என்றால் அதைக் கண்ணாடி வழியாகச் சொல்லி, நேரம் முடிந்ததும் அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். முதலில் சிறை நல அலுவலரிடம் சொல்லுங்கள். அன்றிரவு அவரைக் கவனிக்க ஆள் வேண்டும். இன்னொன்று, உறுதியாக வர முடியாத நாளைச் சொல்லாதீர்கள். வராத ஒரு சந்திப்பு உள்ளே இருப்பவரைப் பல நாட்களுக்கு உடைத்துவிடும்.

இலவச சட்ட உதவி தரும் தமிழ்நாட்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இளம் சட்டத்தரணிக்கு அடுத்த நன்றி. காவலில் இருக்கும் எவரும், வெளிநாட்டவராயினும், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற இந்தியாவின் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. இந்தியாவுக்குள் இருந்து 15100 என்ற இலக்கத்தை அழைக்கலாம், சிறைக்குள்ளேயே மனுக் கொடுக்கலாம். இது தெரியாததால்தான் உள்ளே செல்வாக்கு உண்டு என்று வருகிற தரகர்களிடம் நகை அடகு வைத்த பணம் போகிறது. யாரை நியமித்தாலும், வழக்காட அதிகாரம் தரும் வக்காலத்துப் பத்திரத்தில் கைதி கையெழுத்திட்டு, சிறை அதிகாரி அதை உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் பத்திரம் சிறைக்கே போகாமல் ஒருவர் வழக்கை நடத்துகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

பிணை பற்றி அவர் பொறுமையாக விளக்கியவை வீட்டாருக்கு மிக உதவின. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் பிணை உரிமையாகிறது. ஆனால் தாக்கலாகுமுன் மனுச் செய்ய வேண்டும், கேட்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479 ஆம் பிரிவு, அதிகபட்சத் தண்டனையில் பாதியை விளக்கமறியலில் கழித்தவருக்கும், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவரானால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவருக்கும் பிணை தரச் சொல்கிறது. செல்லுபடியான கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்ததற்கு 2025 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தில் அதிகபட்சம் 5 ஆண்டுகள். அப்படியானால் 20 மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

பிணை கிடைத்தாலும் ஆள் வெளியே வராமல் இருக்கும். பிணையாளிகள் இல்லாததே காரணம். பெரும்பாலும் அந்த ஊரில் சொத்து வரி ரசீதும் ஆதார் அடையாள அட்டையும் உள்ள இரண்டு பேர் ஓர் இலங்கையருக்காகக் கையெழுத்திட வேண்டும். 2023 ஜனவரி 31 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. பிணை கிடைத்து 7 நாட்களில் கைதி விடுவிக்கப்படாவிட்டால் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் கொடுக்கப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானாகவே ஆராயலாம். இந்தக் கட்டளையைச் சுட்டி ஒரு பக்கக் கடிதம் எழுதினால் கோப்பு அசையும்.

அதற்கு முன் இன்னொன்றை யோசிக்க வேண்டும். பிணையில் வெளிவரும் இலங்கைத் தமிழரைத் திருச்சி மத்திய சிறை வளாகத்தில், வெளிநாட்டவரைத் தடுத்து வைக்கும் சிறப்பு முகாமுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. சிறைவாசம் தண்டனையில் கழிக்கப்படும், முகாம் வாசத்துக்கு அந்த உறுதி இல்லை. எனவே பிணை கேட்பதா, வழக்கை விரைந்து முடிப்பதா என்பதைச் சட்டத்தரணியும் கைதியும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். ஊரில் இருக்கும் நாங்கள் அவசரப்படுத்தக் கூடாது.

யாழ் போதனா வைத்தியசாலையின் வைத்தியருக்கு நன்றி. எங்கள் கிளினிக் கொப்பியில் மருந்தின் வணிகப் பெயர் மட்டும் இருந்தால், அந்தப் பெயரில் இந்தியாவில் மருந்து கிடைக்காமல் போகலாம். அவர் மெற்போமின், லோசாட்டன் என்று மூலப் பெயரும், மில்லிகிராம் அளவும், காலையா இரவா என்பதும் எழுதி, கையொப்பமும் பதிவு இலக்கமும் இட்டுத் தந்தார். அந்தத் தாளைப் பார்த்துச் சிறை வைத்தியரே மருந்து கொடுப்பார். வெளியிலிருந்து குளிசை கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள்.

பணம் அனுப்பிய ஸ்காபரோ, லண்டன், பாரிஸ் நண்பர்களே, நீங்கள் ஒரேயடியாக அனுப்ப முன்வந்ததைச் சிறு சிறு தொகையாகப் பிரிக்கச் சொன்னோம். காரணம் இதுதான். கைதியின் கணக்கில் அதிகம் இருப்பது உள்ளே மற்றவர்களுக்குத் தெரிந்தால் கடன் கேட்பும் மிரட்டலும் தொடங்கும். சவர்க்காரம், பற்பசை, தபால் உறை, கன்ரீன் பிஸ்கற் இவற்றுக்குப் போதிய அளவு மாதந்தோறும் போவதே நல்லது. சென்னையில் ஒருவரே கட்டி, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் படமெடுத்து அனுப்பட்டும்.

கடிதம் எழுதிய பள்ளித் தோழர்களுக்கு: நீங்கள் உறையில் 1, 2, 3 என்று இலக்கமிட்டது மிகப் பயன்பட்டது. எது வரவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. வழக்கைப் பற்றியும் மற்றக் கைதிகளைப் பற்றியும் எழுதாததால் தணிக்கையிலும் நிற்கவில்லை. கோயில் கொடியேற்றம், பெரிய போட்டியின் ஓட்ட எண்ணிக்கை, வெங்காய விலை என்று நீங்கள் எழுதியவற்றை அவர் மனப்பாடமாகச் சொல்கிறார்.

திரும்பும் பயணத்துக்கான ஒழுங்குகளைத் தண்டனை முடியும்வரை காத்திருக்காமல் தொடங்கச் சொன்னவர் ஓர் ஓய்வுபெற்ற பிரதேச செயலக உத்தியோகத்தர். கடவுச்சீட்டு நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாக இருக்கும், அல்லது காலாவதியாகியிருக்கும். தற்காலிகப் பயண ஆவணம் தருமுன் குடியுரிமையைக் கொழும்பு உறுதிப்படுத்த வேண்டும். அதன்பின் சென்னை ஹாடோஸ் வீதியில், சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதி. இவற்றில் ஒன்று பிந்தினாலும், தண்டனை முடிந்தவர் முகாமில் காத்திருக்க நேரும்.

கட்டுநாயக்கவில் இறங்கும்போது குடிவரவு அதிகாரிகளும் பொலிஸாரும் விசாரிப்பார்கள். சட்டவிரோதமாக நாட்டை விட்டுச் சென்றவரானால் நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்தப்படலாம். அங்கே பிணைக்கு உறவினர் ஒருவர், அடையாள அட்டையோடும் கிராம சேவையாளர் கடிதத்தோடும் நிற்க வேண்டும். இரவு பஸ்ஸில் போய் அங்கே காத்திருந்த சித்தப்பாவுக்கும், கட்டணம் வாங்காமல் கூட வந்த நீர்கொழும்புச் சட்டத்தரணிக்கும் எங்கள் எல்லோருடைய நன்றியும் உரியது.

அன்புடன்,
நண்பர்களும் குடும்பத்தாரும்