சாமானியருக்கும் ஆவணம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை தினத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களில், பழைய மதராசின் சாமானியக் குடும்பங்களைப் பற்றிப் பதிவுகள் எவையும் இல்லை என்று ஒரு வரி வந்திருந்தது. அதே பக்கத்தில், கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1753-இல் ராபர்ட் கிளைவ் திருமணம் செய்துகொண்டதற்கு அரைப்பக்கம் கொடுத்திருந்தீர்கள். முப்பதாண்டு வாசகன் என்ற முறையில், அந்த ஒரு வரி என்னைப் புண்படுத்தியது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் முன்னோர் சிந்தாதிரிப்பேட்டையில் தறி நெய்தவர்கள். அந்தப் பேட்டையே 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியேற்றுவதற்காக உருவானது என்பது தாங்கள் அறியாததன்று. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் 1887-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதன் சக்குபந்தியில் கிழக்கே யார் வீடு, மேற்கே யார் மனை, வடக்கே எந்தச் சந்து என்று நான்கு எல்லைகளும் பெயரோடு எழுதப்பட்டிருந்தன. என் கொள்ளுத்தாத்தாவை மட்டுமல்லாமல், அவருடைய அண்டை வீட்டாரையும் அவர்களுடைய தகப்பனார்களையும் அந்த ஒரே தாளில் கண்டேன். 1864-இல் பத்திரப்பதிவுச் சட்டம் வந்ததிலிருந்து இத்தகைய தாள்கள் எத்தனை எழுதப்பட்டிருக்கும் என்று கட்டுரையாளர் ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

தேடுவது எளிது என்று நான் சொல்லவில்லை. பேரனுக்குத் தாத்தா பெயரையே வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் மூன்று தலைமுறையினர் நிற்கிறார்கள். பத்திரத்திலுள்ள கதவு எண், இன்று சுவரில் இருக்கும் பழைய எண்ணோடும் பொருந்தவில்லை, புதிய எண்ணோடும் பொருந்தவில்லை. அலுவலகம் ஒன்றில் நான்கு முறை மனுக் கொடுத்தேன். நான்கு முறையும், அந்தச் சொத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று மட்டுமே கேட்டார்கள்.

முன்பு ஒருமுறை, 1871-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முன்னோர் பெயரைத் தேடலாம் என்று தங்கள் இதழே வழிகாட்டியிருந்தது. அதை நம்பி மூன்று நாள் எழும்பூரிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்கு அலைந்தேன். வீடுவாரியாக எழுதிய படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை, அச்சில் இருப்பவை வெறும் எண்ணிக்கைகளே என்பதை அங்குபோய்த்தான் அறிந்தேன். அதைக் குறித்து நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. இருக்கும் இடத்தில் இல்லை என்றும், இல்லாத இடத்தில் இருக்கிறது என்றும் தங்கள் இதழ் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் ஒருவர், அடுக்குமாடி கட்டுவதற்காகப் பூர்விக வீட்டை இடித்தபோது, முப்பதாண்டு வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் போதும் என்று மற்றக் காகிதங்களையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி மட்டுமே இருந்தது. பதிவே இல்லை என்று அச்சில் படிக்கும் இன்னும் எத்தனை பேர் அதையே செய்யப்போகிறார்களோ என்பதே என் அச்சம்.

ஆகவே, அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், வீட்டிலுள்ள பழைய பத்திரங்களை எடைக்குப் போடும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு அச்சிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
சிந்தாதிரிப்பேட்டை வாசகர் ஒருவர்