ஜன்னலைத் திறந்து வை

அன்புள்ள கண்ணா,

பெயின்ட், பசை என்று வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். போனில் சொல்லியிருக்கலாம். உனக்கு வேலை இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்கா வந்துவிட்டுப் போனாள். வேறு சேதி இல்லை.

அன்று கண்காட்சியில், உன் நண்பர்கள் முன்னால், "நாற்காலியைத் தூக்கி மேடையில் வைத்தால் கலையாகிவிடுமா?" என்று கேட்டேன் அல்லவா? நீ சிரித்து வைத்தாய். நான் கேட்டது சரிதான் என்று வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்தேன். உன்னை மடக்க வேண்டும் என்றே படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க என் பக்கம்தான் இளைத்தது.

பிரான்குசி என்று ஒரு சிற்பி. பறவை பறப்பதை வெண்கலத்தில் செய்தவர். சிறகு கிடையாது, அலகு கிடையாது; வழவழவென்று மேலே போகிற ஒரு வளைவு, அவ்வளவுதான். 1926-ல் அது அமெரிக்காவில் இறங்கியபோது, இது சிற்பமே இல்லை என்று சொல்லி, சமையலறைச் சாமான், ஆஸ்பத்திரிச் சாமான் கணக்கில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டுவிட்டார்கள். சிற்பத்துக்கு வரி இல்லை. ஆனால் சிற்பம் என்றால் இயற்கையில் இருப்பதை அளவு மாறாமல் காட்ட வேண்டும் என்று பழைய தீர்ப்பு ஒன்று இருந்ததாம். வழக்கு 1928 வரை இழுத்து, கடைசியில் அவர் பக்கம் தீர்ப்பானது. பறவையைப் பற்றி வாதாடுவதாகத்தான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். வாதாடியது 'சிற்பம்' என்ற சொல்லுக்காக.

எனக்குக் கலை என்றால் கை பழகியிருக்க வேண்டும், பார்த்தால் மனம் நிறைய வேண்டும். ஆறாம் வகுப்பில் நீ வரைந்த யானையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன், யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவேன். அப்படி வரைந்த கை இப்போது பென்சிலைத் தொடுவதில்லை. சரி, விடு. பார்க்கிறவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் அது கலை என்பது உன் கணக்கு.

கடவுள் பேச்சும் இப்படித்தானே முடியும், நமக்குள்? 1929-ல் ஒரு யூத மதகுரு ஐன்ஸ்டைனுக்குத் தந்தி அடித்து, கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டார். ஸ்பினோசா என்ற தத்துவஞானி சொன்ன கடவுளை நம்புகிறேன், உலகத்தின் ஒழுங்கில் தெரிகிறவர் அவர், மனிதர்களின் விதியையும் செயலையும் கவனித்துக்கொண்டிருப்பவர் அல்ல என்று பதில் போனது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தங்கள் ஆள் என்கிறார்கள். நீ 'இல்லை' என்பது, மேலே உட்கார்ந்து கணக்கு எழுதுகிற ஒருவரைத்தான். அந்த ஆளை நானும் நம்பவில்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! கண்ணை மூடினால் மனம் அடங்குகிறதே, அதற்குத்தான் நான் அந்தப் பெயர் வைத்திருக்கிறேன்.

இப்படி எழுதிவிட்டு நிமிர்ந்தால் அந்த ராத்திரி வந்து நிற்கிறது. அப்பா உள்ளே, நாம் வெளியே பெஞ்சில். "நீ ஒரு தடவையாவது கும்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்றேன். கணக்கு எழுதுகிறவரை நம்பாதவள், பயம் வந்ததும் அவரையே கூப்பிட்டு உன் பெயரில் பற்று எழுத வைத்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனாய். மூன்று வருஷமாக அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது, கண்ணா. அப்பாவுக்கு வந்தது வந்தது. உன்னால் இல்லை.

நாற்காலி விஷயமும் அதுதான். கலையோ இல்லையோ, எனக்கென்ன? முன்பின் தெரியாதவர்கள் அதைச் சுற்றி நின்று பார்த்தது பொறுக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் உன் வேலையைக் குறை சொன்னேன்.

கண்காட்சி முடிந்ததும் அதைப் பத்திரமாக வை. இங்கே அனுப்ப வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும். ஜன்னல் ஞாபகம் இருக்கட்டும். இன்னொன்று, அதன் பின்கால் ஒன்று ஆடும். அப்பா அட்டையை நாலாக மடித்து அடியில் சொருகி வைத்திருப்பார். மேடையில் அந்த அட்டையும் இருந்ததா? அன்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

அம்மா