சின்னவளின் கண்ணை முதலில் காட்டுங்கள்

நியூயார்க்,
1910 மே

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இறைவன் அருளால் நானும் அத்தை வீட்டாரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். பஸ்கா பண்டிகைக்கு முன் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சின்னவளை இந்தக் கோடையிலேயே கப்பலேற்றிவிடப் போவதாக அப்பா எழுதியிருக்கிறார். அவள் வருவதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவளுக்குக் கண் அடிக்கடி சிவக்கிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது என்று அம்மா போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மின்ஸ்குக்கு அழைத்துப் போய் நல்ல கண் வைத்தியரிடம் காட்டாமல் அவளை எல்லை தாண்ட விடாதீர்கள்.

குடியேற வருபவர்களைச் சோதிக்கும் எல்லிஸ் தீவில் இறங்கியதும் மூட்டை முடிச்சுகளோடு படியேறிப் பெரிய மண்டபத்துக்குப் போக வேண்டும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார்கள் என்று வைத்தியர்கள் கவனித்துக்கொண்டே நிற்கிறார்கள். சந்தேகம் வந்தால் மேலங்கியில் சாக்கட்டியால் ஓர் எழுத்து போட்டு ஒதுக்கிவிடுவார்கள். எல்லாரும் நடுங்குவது கண் வைத்தியரிடம்தான். பூட்ஸ் பொத்தான் மாட்டும் கொக்கியாலோ விரலாலோ மேல் இமையைப் பிடித்து உள்பக்கம் தெரியும்படி புரட்டிவிடுகிறார். நொடி நேரம்தான், ஆனால் உயிர் போகிற வலி. உள்ளே குருணை குருணையாகத் தெரிந்தால் அது டிரக்கோமா என்ற கண் நோய். ஒட்டுவாரொட்டி என்பதால் சட்டம் உள்ளே விடாது. கொண்டுவந்த கப்பல் கம்பெனியே திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

எனக்கு முன்னால் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் நின்றார்கள். முன்பே வந்து வேலையில் அமர்ந்திருந்த கணவர் அவர்களை அழைத்துப் போக வெளியே காத்திருந்தார். நடுப்பையனின் கோட்டில் எழுத்து விழுந்தது. எபிரேயக் குடியேறிகள் உதவிச் சங்கத்து மனிதர் அந்தத் தாய்க்காக அதிகாரிகளிடம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். மற்ற வழக்குகளில் அவர்கள் மேல்முறையீடு செய்து பலரை மீட்டிருக்கிறார்கள், இந்தக் கண் நோயில் பெரும்பாலும் கைவிரித்துவிடுகிறார்கள். மூத்தவளும் கடைக்குட்டியும் தகப்பனிடம் போனார்கள். தாய் நடுப்பையனோடு திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்தாள். அழக்கூட இல்லை, அவன் கோட்டிலிருந்த சாக்கட்டிப் பொடியைச் சால்வை நுனியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வைத்தியர் மயில்துத்தக் கல்லால் இமையைத் தேய்ப்பார். எரியும், சின்னவள் அலறுவாள், அம்மாவுக்கு மனம் தாங்காது. பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். டிக்கெட்டுக்கு நான் வாராவாரம் தவணை கட்டி வருகிறேன், அது எங்கும் ஓடிவிடாது.

குணமான பிறகு புறப்படும்போது அவள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேலை தயாராக இருக்கிறதா என்று அதிகாரி கேட்பார். இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டால் வந்த வழியே அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தம் பேசி ஆள் கொண்டுவரக் கூடாது என்று 1885இலேயே சட்டம் இருக்கிறது. அதற்காகத்தான் அவளுக்கென்று எந்தத் தையல் பட்டறையிலும் நான் இதுவரை வாய் திறக்கவில்லை. வேலை இல்லை, தையல் தெரியும், உழைப்பேன் என்று உண்மையைச் சொல்லட்டும். கையில் 25 டாலராவது வேண்டும் என்று போன ஆண்டு தீவின் புதிய கமிஷனர் உத்தரவு போட்டிருக்கிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தனியாக வரும் பெண்ணை உறவினர் வந்து அழைக்காமல் வெளியே விடுவதில்லை, நானும் மாமாவும் போய் நிற்போம்.

அப்பா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இங்கே யூதப் பெண்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்து சிறைக்குப் போகிறார்கள் என்று யாரோ ஊரில் சொல்லியிருக்கிறார்கள். சிறைக்குப் போனது உண்மை, கலகம் என்பது பொய். பட்டறைகளில் ஊசிக்கும் நூலுக்கும் எங்கள் சம்பளத்திலேயே பிடித்தார்கள். சில இடங்களில் உட்காரும் நாற்காலிக்குக்கூட வாடகை. சென்ற நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பெரிய மனிதர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள், முடிவுதான் வரவில்லை. அப்போது கிளாரா லெம்லிச் என்ற சின்னப் பெண் மேடையேறி, பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று நம் இத்திஷ் மொழியிலேயே சொன்னாள். மண்டபமே எழுந்து நின்றது. எடுத்த காரியத்துக்குத் துரோகம் செய்தால் உயர்த்திய இந்தக் கை வாடிப்போகட்டும் என்று வலக்கையைத் தூக்கிச் சத்தியம் செய்தோம். எருசலேமை மறந்தால் என் வலக்கை செயலிழக்கட்டும் என்று நீங்கள் ஓதும் சங்கீதம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கடவுளை விட்டவர்கள் அப்படியா சத்தியம் செய்வார்கள்?

குளிர்காலம் முழுக்கப் பனியில் நின்றோம். அடியாட்கள் அடித்தார்கள், போலீஸ் எங்களையே பிடித்துப் போனது. பிப்ரவரியில் எங்கள் முதலாளி இறங்கி வந்தார். இப்போது வாரத்துக்கு 52 மணி நேரம்தான் வேலை, ஊசிக்குக் காசு இல்லை. எல்லாப் பட்டறைகளிலும் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் ஆகிவிடவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நம் சனிக்கிழமை ஓய்வுநாள் விஷயம் வேதனையானதுதான். முதலாளி யூதராக இருந்தும் சனிக்கிழமை கதவைத் திறந்தே வைக்கிறார். அன்று வராதவளுக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை. சனி அடைத்து ஞாயிறு திறக்கும் சிறு பட்டறைகள் உண்டு, கூலி குறைவு. சின்னவள் வந்ததும் இருவரும் அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்துவிடலாம் என்பது என் எண்ணம். இரண்டு சம்பளம் என்றால் தாங்கும்.

வீடு அத்தையுடையதுதான். அடுக்களை, நடுவில் ஜன்னலில்லாத அறை, தெருப்பக்கம் ஒரு கூடம். கூடத்தில் இரண்டு வாடகைப் பையன்கள் படுக்கிறார்கள், நானும் அத்தை மகளும் அடுக்களையில். மீட்டரில் காசு போட்டால்தான் கேஸ் எரியும். இரவுப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறேன். சீவர்ட் பார்க்கில் புது நூலகம் திறந்திருக்கிறார்கள், அங்கே இத்திஷ் புத்தகமும் கிடைக்கும், காசில்லாமல் வீட்டுக்கு எடுத்து வரலாம். சின்னவளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இத்துடன் 10 ரூபிள் அனுப்புகிறேன். இது வைத்தியச் செலவுக்கு மட்டும். நம் வீட்டுக் கூரைக்கு அடுத்த மாதம் தனியாக அனுப்புவேன், இதிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வைத்தியர் இமையைப் புரட்டிப் பார்த்தாரா, என்ன சொன்னார் என்று அவர் சொன்னபடியே எழுதுங்கள். நான் கவலைப்படுவேன் என்று எதையும் மறைக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்