சீட்டு இல்லாவிட்டாலும் புள்ளி ஏறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்ராறியோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பாரவூர்தி ஓட்டும் நம்மவர் பலர், வீதிச் சோதனையில் அதிகாரி தண்டச்சீட்டு எழுதாமல் விட்டால் விடயம் அத்துடன் முடிந்துவிட்டது என்று நம்புகிறார்கள். சிறிய நிறுவனமொன்றில் பாதுகாப்புப் பதிவுகளைப் பார்த்துவருபவன் என்ற முறையில், அது தவறு என்று எழுத வேண்டியிருக்கிறது.

வணிக வாகனங்களை ஓட்டும் நிறுவனங்களுக்கான ஒன்ராறியோவின் சி.வி.ஓ.ஆர். பாதுகாப்புப் பதிவில் போக்குவரத்துக் குற்றத்துக்கான புள்ளி, குற்றத்தீர்ப்பு வந்த பின்னரே ஏறும். அந்தப் பழக்கத்தில் வந்த நம்பிக்கையாக இருக்கலாம். பாரவூர்திப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அரச அமைப்பான எஃப்.எம்.சி.எஸ்.ஏ.யோ, சோதனை அறிக்கையில் பதிவான குறைகளை, சீட்டு எழுதப்படாவிட்டாலும், 24 மாதங்களுக்கு நிறுவனத்தின் கணக்கில் வைத்திருக்கிறது.

எங்கள் சாரதி ஒருவரை ஒகாயோவில் மறித்தார்கள். ட்ரெயிலரின் இடப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை. அதிகாரி சீட்டு எழுதாமல் அறிக்கையை மட்டும் கையில் கொடுத்தார். சாரதி அடுத்த தரிப்பிடத்திலேயே பல்ப்பை மாற்றிவிட்டு, அறிக்கையைக் கதவுப் பையில் கோப்பிக்கடைப் பற்றுச்சீட்டுகளுக்கு நடுவே மடித்து வைத்துவிட்டார். எஃப்.எம்.சி.எஸ்.ஏ.யின் மாதாந்தக் கணக்கு புதுப்பிக்கப்பட்டபோதுதான் எங்களுக்கு விடயம் தெரிந்தது. இத்தகைய அறிக்கையைச் சாரதி தாமதமின்றி நிறுவனத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். நிறுவனம் குறை திருத்தப்பட்டதாகக் கையொப்பமிட்டு 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் தவணையும் கடந்து போயிருந்தது.

ஒவ்வொரு குறைக்கும் அதன் கடுமைக்கேற்ப ‘பாரம்’ என்ற எண் ஒன்று உண்டு. அந்த விளக்குக்கான பாரம் 6. (பிரேக் இறுக்கம் சரியில்லாததற்கு 4 மட்டுமே, இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) முதல் ஆறு மாதங்களுக்கு அது மூன்றால் பெருக்கப்பட்டு 18 ஆகிறது, அடுத்த ஆறு மாதங்களுக்கு இரண்டால், பின்னர் ஓராண்டுக்கு ஒன்றால். ஒவ்வொரு சோதனைக்கும் இதேபோல் காலத்துக்கேற்ப 3, 2, 1 என்று எண் கொடுத்துக் கூட்டி, வரும் கூட்டுத்தொகையால் குறைகளின் தொகையை வகுக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் ஐந்து சோதனைகள் மட்டுமே நடந்திருந்தால் 18ஐ 15ஆல் வகுக்க 1.2 வருகிறது, அத்துடன் குறையில்லாத ஐந்து சோதனைகள் சேர்ந்திருந்தால் அது 0.6ஆகப் பாதியாகிவிடும். ஆகவே சோதனை நிலையத்தைச் சுற்றிப் போவது கெட்டித்தனமல்ல. குறையில்லாமல் முடிந்த சோதனைக்கும் அறிக்கை எழுதித் தருமாறு சாரதி பணிவாகக் கேட்பதே நிறுவனத்துக்கு நன்மை.

இவ்வாறு வரும் எண்ணை, ஏறக்குறைய அதேயளவு சோதனைகளைக் கண்ட மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டு 0 முதல் 100 வரை தரப்படுத்துகிறார்கள், எண் கூடக்கூட நிலை மோசம். பொதுச் சரக்கு ஏற்றுவோருக்கு வாகனப் பராமரிப்புப் பிரிவில் 80ஐ எட்டினால் எச்சரிக்கைக் கடிதமோ விசாரணையோ வரக்கூடும். 2015 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி சரக்கு நிறுவனங்களின் தரவரிசை பொதுப் பார்வையிலிருந்து நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் சோதனை விபரங்கள் இன்றும் திறந்தே கிடக்கின்றன. காப்புறுதிக்காரரும் சரக்குத் தரகரும் அவற்றைப் பார்த்தே விலை பேசுகிறார்கள்.

பாரங்களை 1, 2 என்று சுருக்கும் புதிய முறையை எஃப்.எம்.சி.எஸ்.ஏ. 2024 நவம்பரில் அறிவித்தது. அதன்படி, வண்டியை ஓடவிடாமல் நிறுத்திவைக்காத அளவிலான விளக்குக் குறைக்கு 1தான். பாரம் குறைந்தாலும் சீட்டில்லாக் குறை கணக்கை விட்டுப் போகாது.

அறிக்கையில் பிழையிருந்தால் எஃப்.எம்.சி.எஸ்.ஏ.யின் ‘டேட்டா க்யூஸ்’ இணையத்தளத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். அதற்கு நிழற்படம் போன்ற சான்றுகளை உடனே திரட்ட வேண்டியிருக்கும் என்பதால், அறிக்கையைப் படமெடுத்து அன்றே அலுவலகத்துக்கு அனுப்புமாறு சாரதிமாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ